எதிர்ப்பு ஏதும் வரவில்லை

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது தனிஸ்லாஸ் அண்ணன் போன் செய்தார். மனிதர் போனே செய்ய மாட்டார். எதையும் பத்தி பத்தியாக எழுதி அனுப்பித்தான் பழக்கம். பெயரைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது.

"பூங்கோதை, பயப்படாத, ஒண்ணுமில்லம்மா. வலது கண்ணுல விழித்திரை பிரிஞ்சு வந்துருச்சாம். நாளைக்கு மதுரையில ஆபரேஷன்."

"என்னண்ணா, கடைக்குப் போறேன்ங்கிற மாதிரி சொல்றீங்க!"

"வேற எப்படிச் சொல்ல? ஆபரேஷன்கூடப் பெரிசில்ல. அதுக்கப்புறம் ரெண்டு வாரம் குப்புறப் படுத்தே கெடக்கணுமாம். கம்ப்யூட்டர், போன் எதையும் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க. ரெஜினா இப்பவே எல்லாத்தையும் பிடுங்கி வச்சுட்டா."

ஒரு உதவி கேட்டார். நாங்கள் பலர் சேர்ந்து எழுதும் படிகுரல் மென்பொருளின் குழு மடலில் அவர் சார்பாக நான் ஒரு வரி போட வேண்டும். இரண்டு வாரம் அவர் இருக்க மாட்டார், அதுவரை பெரிய முடிவு எதையும் எடுக்க வேண்டாம், அவ்வளவுதான்.

"கண்ணு கிண்ணுன்னு எழுதாத. ஆளாளுக்கு விசாரிப்பாங்க, எனக்குக் கூச்சமா இருக்கும். ஊர்ல இல்லன்னு போட்டுரு, போதும்."

"இப்பவே போட்டுடறேண்ணா. நீங்க தைரியமா போயிட்டு வாங்க."

தோசை கருகிப்போயிருந்தது. என் வீட்டுக்காரர் சிற்றரசு அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதான் இந்த மாசம் உங்க சாஃப்ட்வேர்ல வர்ற புது வெளியீடா?" என்றார். கரண்டியைக் காட்டினேன். சத்தமில்லாமல் தின்றுவிட்டு ஆபீசுக்குப் போனார்.

நவம்பர் 5, புதன்

அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். அவர் மனைவி ரெஜினா அக்கா வாட்ஸப்பில் தகவல் போட்டிருந்தார். நிம்மதி.

பத்து மணிக்குச் செண்பகவல்லி கூப்பிட்டாள். திருநெல்வேலியில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் முன்பதிவு கவுண்டரில் இருக்கிறாள். பிறவியிலிருந்தே பார்வை இல்லை. திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துச் சொல்லும் எங்கள் படிகுரல்தான் அவளுக்கு அங்கே கண்.

"யக்கா, மறுபடியும் ஊமையாயிட்டு! கம்ப்யூட்டர் தன்னால அப்டேட் ஆயிருக்கு. காலைல வந்து பாத்தா ஒரு சத்தத்தையும் காணோம். டிக்கெட் மாத்த ஆளு நிக்காவ, நான் பொம்ம மாதிரி உக்காந்திருக்கேன். மேனேஜர் மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்காமலே எனக்குத் தெரியுதுக்கா."

கோபம் கோபமாக வந்தது. அவள் மேல் இல்லை. எழுத்தை ஒலித் துண்டுகளாகப் பிரிக்கும் வேலையைப் படிகுரல் தானே செய்வதில்லை. அதைச் செய்வது தனிஸ் அண்ணன் எழுதிய 'அசை' என்ற நிரலகம். அது எங்களுக்குள்ளே இல்லை. கணினியில் பொதுவாக ஓரிடத்தில் இருக்கும், வேண்டிய நிரல்களெல்லாம் அதைக் கூப்பிட்டுக்கொள்ளும். எங்கள் அடுக்குமாடியின் தண்ணீர் மோட்டார் மாதிரி. எல்லா வீட்டுக்கும் ஒரே மோட்டார், செலவு மிச்சம். ஆனால் கீழ்வீட்டுக்காரர் அதில் கை வைத்தால் எங்கள் வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும். கணினி அசையின் பதிப்பை மாற்றிவிட்டால் படிகுரல் வாயை மூடிக்கொள்ளும். பிறகு நான் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். சம்பளமா கிம்பளமா, ஒன்றும் கிடையாது. திறந்த மூல மென்பொருள் என்றால் எல்லாரும் பார்க்கலாம், எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம், என்னை மட்டும் திட்டலாம்.

பக்கத்து இருக்கைக்காரரை விட்டுத் திரையை வாசிக்கச் சொல்லி, போனிலேயே ஒவ்வொரு கட்டளையாகச் சொல்லிச் சரிசெய்தேன். என் கம்பெனி வேலை அப்படியே கிடந்தது. அதற்கும் திட்டு வாங்கினேன்.

அண்ணனுக்கான அந்த வரியை இன்னும் போடவில்லை. சாயங்காலம் போட வேண்டும்.

நவம்பர் 7, வெள்ளி

நேற்று முழுக்க மழை, கரண்ட் இல்லை.

இன்று முபாரக்குடன் பேச்சு. வாணியம்பாடிக்காரன், எங்கள் வெளியீடுகளைத் தயார்செய்து தருபவன். செண்பகவல்லி அவனிடமும் அழுதிருக்கிறாள்.

"அக்கா, நேரா கேக்கறேன். அசையை எடுத்துடலாமா? அந்தப் புதுசு ஒண்ணு இருக்குல்ல, காலேஜ் பசங்க எழுதினது. அதை நம்ம படிகுரலுக்குள்ளயே வச்சு அனுப்பிடலாம். வெளியில எது மாறினாலும் நமக்குக் கவலை இல்ல. வேகமும் டபுள்."

எனக்குத் தெரியாதா என்ன? இதையே நான் இதற்கு முன்பும் குழுவில் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அண்ணன் பதில் எழுதுவார். பொது நிரலகம் என்பது ஏன் பொதுவாக இருக்க வேண்டும், ஆளாளுக்குத் தனித்தனியாக உள்ளே வைத்துக்கொண்டால் ஒரு பிழையை எத்தனை இடத்தில் திருத்துவது, தமிழுக்கென்று பொதுவாக ஒன்று வேண்டாமா என்று. திண்டுக்கல்லில் கணக்கு வாத்தியார் அல்லவா, முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை நிறுவிவிட்டுத்தான் ஓய்வார். படித்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் அலுத்துப்போகும். "அண்ணன் சொன்னா சரிதான்" என்று கலைந்துவிடுவார்கள். அப்புறம் அசை மறுபடி உடையும், நான் மறுபடி உட்காருவேன்.

"நாம விட்டுட்டா அசையை வேற யாரு வச்சுப்பா?" என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. நாம விட்டா, யாருக்கும் வேண்டாம்னு கம்ப்யூட்டர்கள்ல இருந்தும் எடுத்துடுவாங்க. கதை முடிஞ்சது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அதான் அண்ணன் ஒத்துக்கணுமேன்னு பாக்கறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து வந்து எழுதினது. புள்ள மாதிரி அவருக்கு" என்றான்.

"எழுதிப் பாப்போம்" என்றேன்.

அண்ணன் குப்புறப் படுத்திருக்கிறார் என்று முபாரக்கிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் யாருக்கும் தெரிய வேண்டாம் என்றாரே. அதனால்தான் சொல்லவில்லை.

நவம்பர் 8, சனி

மடலை அனுப்பிவிட்டேன். 'அசை நிரலகத்தைச் சார்ந்திருப்பதை விடுவது குறித்து.' நாலு நாளாக மனதில் ஓடியதால் எழுதச் சிரமமே இல்லை. எழுதியதெல்லாம் நியாயம். ஒரு வரிகூட மிகை இல்லை.

எங்கள் குழுவில் வாக்கெடுப்பெல்லாம் கிடையாது. எல்லாரும் பிழைப்புக்கு நடுவில் வேலை செய்பவர்கள், யாரை உட்காரவைத்துக் கை தூக்கச் சொல்வது? முன்மொழிவை அனுப்ப வேண்டும், ஏழு நாள் பொறுக்க வேண்டும். யாரும் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் ஒப்புதல் என்று பொருள். ஒரே ஒருவர் "எதிர்ப்பு" என்று எழுதிவிட்டால் நின்றுவிடும். யாராவது விடுப்புச் சொல்லியிருந்தால் அவர் வரும்வரை நாள் ஓடாது.

விடுப்புச் சொல்லியிருந்தால்.

அந்த வரியைப் புதன்கிழமையே போட்டிருப்பேன், செண்பகவல்லி பிரச்சினையில் விட்டுப்போனது. இப்போது போட்டால், முன்மொழிவும் நான், விடுப்பும் நான் என்று விசித்திரமாக இருக்கும். இதைத் தள்ளிவைத்தால் இந்த மாத வெளியீடு தவறிவிடும், அடுத்தது தை கழிந்துதான். அதுவரை செண்பகவல்லி எத்தனை தடவை கவுண்டரில் பொம்மையாக உட்காருவது? அவளுடைய வேலைக்கு யார் பொறுப்பு?

வெள்ளைத் துணியோடு சிற்றரசின் சிவப்பு லுங்கியைப் போட்டுத் துவைத்துவிட்டேன். எல்லாம் ரோஸ் கலர்.

நவம்பர் 10, திங்கள்

பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. சிங்கப்பூரிலிருந்து, சென்னையிலிருந்து, யாழ்ப்பாணத்திலிருந்து. எல்லாம் ஆதரவு. "நீண்ட நாளாக எதிர்பார்த்தது." "பூங்கோதை சொல்வது முற்றிலும் சரி." இதற்கு முன் இந்த வாய்களெல்லாம் எங்கே போயிருந்தன?

முபாரக் தனியாகக் கேட்டான்: "தனிஸ் அண்ணன் ஏன்க்கா வாயே திறக்கல? இந்நேரம் மூணு பக்கம் எழுதியிருப்பாரே."

"ஏதாவது வேலையா இருப்பாரு" என்று எழுதினேன்.

பொய்யில்லை. குப்புறப் படுப்பதும் அவருக்கு இப்போது ஒரு வேலைதான்.

இப்படி எழுதியதைப் படித்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. போதும் இன்றைக்கு.

நவம்பர் 11, செவ்வாய்

கத்திரிக்காய் வதக்கல், ரசம். வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

நவம்பர் 13, வியாழன்

ரெஜினா அக்கா போன். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்து கடைசியில் எடுத்தேன். கேவலம், ஒரு போனை எடுக்க இவ்வளவு யோசனை.

"நல்லாருக்கீங்களா பூங்கோதை? இவரு பரவாயில்ல. சாப்பிடறதுகூடக் குனிஞ்ச தலை நிமிராமத்தான். கல்யாணத்தப்ப நான்கூட இப்படிக் குனிஞ்சு உக்காரல!" சிரித்தார். "பொழுது போகலன்னு ஒரே புலம்பல். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபுடிச்சாரு. லேப்டாப்பத் தொறந்து, உங்க படிகுரலை ஓட விடுன்னாரு. நான் ஓட விட்டுட்டு என் வேலையப் பாக்கறேன். அது பேப்பர் வாசிக்குது, பைபிள் வாசிக்குது, இவரு படுத்தபடி கேக்கறாரு."

"மெயிலும் வாசிக்குதாக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்துபோயிருக்கும். கேட்கவில்லை.

"அவருகிட்டத் தரட்டா? நீங்கன்னா சந்தோசப்படுவாரு."

"வேண்டாங்கக்கா, தொந்தரவு பண்ண வேண்டாம். ரெஸ்ட் எடுக்கட்டும்."

போனை வைத்தபிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மடலைக் கேட்டிருந்தால் அண்ணன் சும்மா இருப்பவரா? ரெஜினா அக்காவை விட்டாவது எதிர்ப்பு என்று எழுதியிருப்பார். எழுதவில்லை. ஆகவே கேட்கவில்லை. அல்லது கேட்டார், சரி என்று பட்டிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் எனக்குச் சாதகமாகத்தான் வருகிறது. அப்புறம் ஏன் சோறு இறங்கவில்லை?

நவம்பர் 15, சனி

ஏழு நாள் முடிந்தது. குழு மடலில் நானே எழுதினேன்: "எதிர்ப்பு ஏதும் வரவில்லை. முன்மொழிவு ஏற்கப்படுகிறது."

அசையைக் கூப்பிடும் வரிகளை நானே எடுத்தேன். முபாரக் செய்கிறேன் என்றான், விடவில்லை. நிரலின் பல இடங்களில் அண்ணன் எழுதிவைத்த குறிப்புகள் வந்தன. ஒன்றில், "இங்கே அவசரப்பட வேண்டாம். குற்றியலுகரம் வரும். நிதானமாகப் பார்க்கவும்" என்றிருந்தது. நிரலுக்குள் உட்கார்ந்துகொண்டு இப்படியா பேசுவார் ஒரு மனிதர்? அதையும் சேர்த்து அழித்தேன். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

சோதனைப் பதிப்பைச் செண்பகவல்லிக்கு அனுப்பினேன். உடனே போன்.

"யக்கா! சும்மா பறக்குதுக்கா! நான் பட்டனை அமுக்குமுன்ன வாசிச்சுருது. இனிம ஊமையாகாதுல்லா?"

"ஆகாது."

"நீங்க நல்லாருப்பீங்க" என்றாள். அவள் வாழ்த்தியதும் அழுதுவிட்டேன். சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள் பாவம்.

நவம்பர் 17, திங்கள்

ஒன்றைத் தெளிவாக எழுதிவைத்துவிட வேண்டும். அண்ணன் போடச் சொன்ன அந்த வரி உண்மையிலேயே மறந்துபோனதுதான். புதன் காலையிலேயே செண்பகவல்லி, மறுநாள் கரண்ட் இல்லை, அதற்கடுத்த நாள் முபாரக். யாராக இருந்தாலும் மறந்திருப்பார்கள். இதில் உள்நோக்கம் எதுவும் இல்லை.

சாப்பிடும்போது இதை ஒருமுறை சிற்றரசிடமும் சொன்னேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டே, "சரி, இப்ப யாரு உன்னைக் கேட்டா?" என்றார்.

"ஒருத்தரும் கேக்கல. சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்றதுக்கு எதுக்கு இப்படி மூச்சு வாங்குது?"

எழுந்து கை கழுவப் போய்விட்டேன். மனுஷன் மின்வாரியத்தில் இருக்க வேண்டியவரே இல்லை, போலீசுக்குப் போயிருக்க வேண்டும்.

நவம்பர் 20, வியாழன்

அண்ணன் கூப்பிட்டார்.

"நேத்துதாம்மா நிமிந்து உக்காந்தேன். வானம் இன்னும் கலங்கலாத்தான் தெரியுது. திரையப் பாக்க இன்னும் பத்து நாள் ஆகணுமாம்."

உடம்பைப் பற்றி விசாரித்தேன். அவர் பதில் சொன்னார். இருவரும் மதுரை வெயிலைப் பற்றிக்கூடப் பேசினோம். பிறகு அவரே ஆரம்பித்தார்.

"உன் மடல் வந்துச்சு. கேட்டேன்."

"எப்பண்ணா?"

"நீ அனுப்பின மறுநாளே. ரெஜினா ஓட விட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. அசையை எடுக்கறதுக்கு என்னென்ன காரணம்னு அசையே எனக்கு வாசிச்சுக் காட்டுச்சு." சிரிக்கப் பார்த்தார். "உச்சரிப்பெல்லாம் சுத்தமாத்தான் இருந்துச்சு."

நான் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினேன்.

"நீ எழுதினதுல தப்பு ஒண்ணும் இல்ல. அந்தப் பொண்ணு கவுண்டர்ல உக்காந்திருக்கறத நெனச்சா எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கிட்டக் கேட்டிருந்தா ஒத்துக்கிட்டிருப்பேனான்னா, மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். அதனாலதான நீ கேக்கல?"

"அண்ணா..."

"இரும்மா, சொல்லி முடிச்சுடறேன். ரெஜினாகிட்ட விஷயத்தச் சொன்னேன். 'எதிர்ப்புன்னு ஒரு வார்த்ததான, நான் அடிச்சு அனுப்பறேன்'னா. வேண்டாம்னேன். பூங்கோதைக்கு ஆயிரம் வேலை, மறந்திருப்பா, ஞாபகம் வந்ததும் அவளே நிறுத்தி வைப்பான்னேன். தினமும் காலைல மடலை வாசிக்கச் சொல்லிக் கேப்பேன், நீ ஏதாச்சும் எழுதியிருக்கியான்னு. ரெஜினா பேசினப்பக்கூட, இன்னைக்கு எழுதிருவான்னு நெனச்சேன். கடைசியா சனிக்கிழமை வந்துச்சு ஒண்ணு. எதிர்ப்பு ஏதும் வரவில்லைன்னு."

அவருக்குக் குரல் உயரவே இல்லை. திட்டியிருக்கலாம். வாங்கிக்கொண்டிருப்பேன்.

"மறந்துட்டேண்ணா" என்றேன்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன். அவ்வளவையும் கேட்டபிறகும் என் வாய் அதைத்தான் சொன்னது.

அந்தப் பக்கம் எங்கோ பள்ளிக்கூட மணி அடித்தது.

"சரிம்மா" என்றார். "மறந்ததா இருந்தா நல்லதுதான்."

வைத்துவிட்டார்.

நவம்பர் 21, வெள்ளி

வெளியீட்டுக் குறிப்பை முபாரக் அனுப்பியிருந்தான், நாளை வெளியிட. நல்ல பிள்ளை, அவனாகவே ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "அசையின் ஆசிரியர் திரு. தனிஸ்லாஸ் அவர்களின் இசைவோடு."

அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். நான் தொடாவிட்டால் போதும், அது அப்படியே போய்விடும். அண்ணனும் மறுத்து எழுத மாட்டார். இனி அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

முபாரக்கைக் கூப்பிட்டு வெளியீட்டை நிறுத்தச் சொன்னேன். "என்னக்கா, எல்லாம் முடிஞ்சு போச்சே!" என்று பதறினான். செண்பகவல்லிக்கும் சொன்னேன். சோதனைப் பதிப்பை வைத்துக்கொள், மற்றவர்களுக்கு இப்போதைக்குக் கிடையாது என்றேன்.

"மத்தவங்கன்னா என்னை மாதிரி ஆளுங்கதானக்கா? அவங்க என்ன பாவம் பண்ணினாவ?" என்றாள்.

"அவங்க இல்லம்மா, நான்தான்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. மடல் வரும், வாசிக்கச் சொல்லிக் கேள் என்றேன்.

பிறகு மடலை எழுத உட்கார்ந்தேன். 'அவசரத்தில் விடுபட்டுப்போன ஒரு தகவல்' என்று தொடங்கினேன். அழித்தேன். 'என் கவனக்குறைவால்' என்று எழுதினேன். அதுவும் யோக்கியமான வார்த்தைதான், ஆனால் வேறு யாருக்காவது பொருந்தும். அழித்தேன். 'மறதியால்' என்று எழுதக் கை போனது. விரலை எடுத்துக்கொண்டேன். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டே இருந்தது, சிற்றரசு போய் அணைத்தார்.

கடைசியில் அனுப்பியது இதுதான்:

"அனைவருக்கும் வணக்கம். அசையை விடும் முடிவு செல்லாது. அந்த ஏழு நாளும் தனிஸ்லாஸ் அண்ணன் பதில் எழுத முடியாத நிலையில் இருந்தார். தான் வரும்வரை முடிவு எதையும் எடுக்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லச் சொல்லி என்னிடம் முன்பே கேட்டிருந்தார். நான் சொல்லவில்லை. அவர் இருந்தால் முன்மொழிவு தோற்றுவிடும் என்று அவர் இல்லாத நாளில் அனுப்பினேன். நேற்று அவரிடம் மறந்துவிட்டேன் என்று சொன்னேன். அண்ணா, இதை நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் மறக்கவில்லை."